தரவரிசை 49: எலெனா பால்டாச்சாவின் கதை

(எபிசோட் உரையின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் ஆண்டி மர்ரே பத்தி ஒரு எபிசோட் பண்ணியிருந்தோம். அதுல அவரோட அம்மா ஜூடி மர்ரே எப்படி ஸ்காட்லாந்துல ஒரு சின்னக் குழுவை வெச்சு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கொஞ்சம் பேசினேன். அதைக் கேட்டுட்டு ஒருத்தர் மெயில் போட்டிருந்தார். ரெண்டே வரி. "அந்தக் குழுவில் பெண்களே இல்லையா? இருந்திருந்தால் அவர்கள் என்ன ஆனார்கள்?"

நியாயமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த எபிசோட்ல நான் சொல்லல. ஏன்னா அந்தக் கதையை ஒரு ஓரமா, "இன்னொருத்தரும் இருந்தாங்க"ன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. இன்னைக்கு முழுசா சொல்றேன்.

அவர் பெயர் எலெனா பால்டாச்சா. சக வீரர்கள் கூப்பிட்டது "பாலி". கிராண்ட் ஸ்லாம் பட்டம் எதுவும் ஜெயிக்கவில்லை. டபிள்யூ.டி.ஏ. பட்டம் ஒன்றுகூட இல்லை. தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 49. இணையத்தில் தேடினால் இந்த எண்ணைத்தான் முதலில் காட்டும். இந்த 49-க்கு என்ன அர்த்தம்ங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

கீவ், இப்ஸ்விச், பெர்த்

எலெனா பிறந்தது 1983 ஆகஸ்ட் 14, கீவ் நகரத்தில். அப்போது அது சோவியத் யூனியன். அப்பா செர்கெய் பால்டாச்சா கால்பந்து வீரர். டைனமோ கீவ் அணியின் தடுப்பாட்டக்காரர், சோவியத் தேசிய அணியிலும் ஆடியவர். 1988 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் நெதர்லாந்துக்காக மார்கோ வான் பாஸ்டன் அடித்த அந்த வாலி கோல் உங்களில் பல பேர் யூடியூப்ல பார்த்திருப்பீங்க. அன்றைக்குத் தோற்ற சோவியத் அணியில் இருந்தவர்களில் செர்கெயும் ஒருவர். அம்மா ஓல்கா தடகள வீராங்கனை. ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று பல போட்டிகளைச் சேர்த்துச் செய்யும் வகை அவருடையது. ஆக, வீட்டில் காலை உணவு மாதிரி விளையாட்டும் தினசரி வழக்கம்.

1988-89 சீசன் நடுவில் செர்கெய், இங்கிலாந்தின் இப்ஸ்விச் டவுன் கிளப்பில் சேர்ந்தார். ஆங்கிலக் கால்பந்து லீகில் ஆடிய முதல் சோவியத் வீரர் அவர்தான். பெர்லின் சுவரே அப்போது விழவில்லை. அந்தக் காலகட்டத்தில் ஒரு சோவியத் குடும்பம் மூட்டை முடிச்சோடு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊருக்கு வந்து இறங்குகிறது. எலெனாவுக்கு ஐந்து வயது.

அங்கே அதிக நாள் இல்லை. 1990-ல் அப்பா ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்தில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ்டன் கிளப்புக்கு மாறினார். பிறகு இன்னும் வடக்கே, இன்வர்னெஸ். பத்து வயதுக்குள் மூன்று நாடு, நான்கு ஊர். ஊர் மாறும்போதெல்லாம் புதுப் பள்ளிக்கூடம், புது முகங்கள். ஆனால் வளர்ந்த மண் என்று பார்த்தால் ஸ்காட்லாந்துதான். பின்னால் செய்தித்தாள்கள் "ஸ்காட்லாந்தின் எலெனா" என்று எழுதியது அதனால்தான். அண்ணன் செர்கெய் ஜூனியர் அப்பா வழியில் கால்பந்துக்குப் போய், ஸ்காட்லாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் ஆடினார்.

தங்கை கையில் வந்தது ராக்கெட்.

ஜூடியின் குழு

ஸ்காட்லாந்தில் டென்னிஸ் ஆடுவது என்றால் என்னன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மழை, காற்று, குளிர்காலத்தில் மத்தியானம் மூணரை, நாலு மணிக்கெல்லாம் இருட்டு. உள்ளரங்க மைதானங்கள் மிகக் குறைவு. கால்பந்தும் ரக்பியும் கோல்ஃபும் ஆளும் ஊர் அது. அங்கே டென்னிஸ் ஒரு கோடைக்காலப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

ஜூடி மர்ரே 1995-ல் ஸ்காட்லாந்தின் தேசியப் பயிற்சியாளர் பொறுப்புக்கு வந்தார். பெரிய பட்ஜெட் கிடையாது. கையில் கிடைத்த சில பிள்ளைகளை வைத்து ஒரு குழுவை உருவாக்கினார். அவருடைய சொந்தப் பிள்ளைகள் ஜேமி, ஆண்டி. கூட காலின் ஃபிளெமிங், ஜேமி பேக்கர். அப்புறம் எலெனா. பெர்த்திலிருந்து மர்ரே குடும்பம் இருந்த டன்பிளேன் சுமார் 45 கிலோமீட்டர்தான்.

ஒரு சின்ன நாட்டின் சின்னக் குழு. அதிலிருந்து இரண்டு பேர் உலகின் முதலிடத்துக்குப் போனார்கள்: ஒற்றையரில் ஆண்டி, இரட்டையரில் ஜேமி. மெயில் போட்ட நண்பருக்கு இதுதான் முதல் பதில். ஆமா, அந்தக் குழுவுல பொண்ணு இருந்தாங்க. ஆண்டியை விட நாலு வயசு பெரியவங்க. அந்தக் குழுவிலிருந்து விம்பிள்டன் மூன்றாவது சுற்றுக்கு முதலில் போனவரும் அவர்தான், ஆண்டி போவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே.

அது 2002. எலெனாவுக்கு 18 வயது. எதிரில் நின்றவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் அமண்டா கோட்சர். ஒரு காலத்தில் உலகின் 3-ஆம் இடத்தில் இருந்தவர். அவரை வீழ்த்தி மூன்றாவது சுற்றுக்குப் போனார். ஊக்கமான சர்வீஸ், பந்தைத் தட்டையாக விளாசும் அடி, அப்பா அம்மாவிடமிருந்து வந்த கால் வேகம். பிரிட்டனில் பெண்கள் டென்னிஸ் ரொம்ப நாளாகவே வறண்டு கிடந்த காலம் அது. கடைசியாக ஒற்றையரில் விம்பிள்டன் ஜெயித்த பிரிட்டிஷ் பெண் 1977-ல் வர்ஜீனியா வேட். அதனால் 18 வயதில் ஒரு பெண் மூன்றாவது சுற்றுக்குப் போனால் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? "அடுத்த நம்பிக்கை" என்ற பட்டம் உடனே வந்துவிட்டது.

அடுத்த வருடத்துக்குள் வேறொன்றும் வந்தது.

19 வயதில் ஒரு பெயர்

எலெனாவுக்கு 19 வயதில் ஒரு நோய் இருப்பது தெரிந்தது. பெயர் பிரைமரி ஸ்க்ளீரோசிங் கோலாஞ்சைட்டிஸ். வாயில் நுழையாத பெயர். எளிமையா சொல்றேன். நம்ம கல்லீரல் பித்தநீரைச் சுரக்கும். அது சின்னச் சின்னக் குழாய்கள் வழியா குடலுக்குப் போகும். இந்த நோயில் அந்தக் குழாய்கள் அழற்சியாகி, தழும்பேறி, சுருங்கிக்கொண்டே போகும். பித்தநீர் தேங்கும். மெல்ல மெல்ல கல்லீரலும் சேதமாகும். இதற்கும் குடிப் பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஏன் வருகிறது என்பதற்கு இன்றுவரை முழு விளக்கம் இல்லை, உடலின் எதிர்ப்பு சக்தி தடம் மாறுவதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகக் கருதுகிறார்கள். குணப்படுத்தும் மருந்து இல்லை. முற்றிவிட்டால் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான் வழி. புற்றுநோய் வரும் ஆபத்தும் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம்.

அறிகுறிகளில் முக்கியமானது அசதி. "நேத்து தூங்கல, டயர்டா இருக்கு" மாதிரியான அசதி இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி.

இப்போ இதை ஒரு டென்னிஸ் வீராங்கனை மேல வெச்சுப் பாருங்க. வெயிலில் மூன்று செட், மறுநாள் மறுபடி மூன்று செட், நடுவில் விமானம், நேர வித்தியாசம், இன்னொரு கண்டம். நல்ல ஆரோக்கியமான உடம்பே இதில் நொறுங்கிப் போகும்.

இந்த இடத்துல என் கதை கொஞ்சம் சொல்லணும். நான் ஏன் இந்த எபிசோடை இவ்வளவு நாள் தள்ளிப் போட்டேன்னு புரியும்.

எனக்கு 24 வயசுல முடக்குவாதம்னு சொன்னாங்க. காலைல எழுந்தா விரல் மடங்காது. ஒரு மணி நேரம் வெந்நீர்ல கையை வெச்சாத்தான் டூத் பிரஷ்ஷே பிடிக்க முடியும். பத்து மணிக்கு மேல நான் சாதாரண ஆள். அப்போ வேலை பார்த்த இடத்துல என் டீம் லீட்கிட்ட ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "பாக்க நல்லாத்தானே இருக்கீங்க" அப்படின்னார். கெட்ட மனுஷன் இல்ல. நிஜமாவே அவருக்கு நான் நல்லாத்தான் தெரிஞ்சேன். ஆனா அதுக்கப்புறம் நான் அந்த ஆபீஸ்ல யார்கிட்டயும் வாயைத் திறக்கல. லேட்டா வந்தா டிராஃபிக்னு சொல்லிடுவேன். டிராஃபிக்கை எல்லாரும் நம்புவாங்க.

அந்த நாட்கள்லதான் எலெனா பத்தி முதல்ல படிச்சேன்.

52 வாரக் கணக்கு

டென்னிஸ் தரவரிசை எப்படி வேலை செய்கிறது தெரியுமா? கடைசி 52 வாரங்களில் நீங்கள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. போன வருடம் இதே வாரம் எடுத்த புள்ளி இந்த வாரம் கழிந்துவிடும். அதை ஈடுகட்டப் புதிதாக ஜெயிக்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால்தான் அதே இடத்தில் நிற்கவே முடியும்.

காயம்பட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஒதுங்கி இருந்தால், பழைய தரவரிசையை வைத்துச் சில போட்டிகளில் நுழைய ஒரு சலுகை உண்டு. கை முறிந்தால், முழங்கால் கிழிந்தால் அது உதவும். ஆறு மாதம் முழு ஓய்வு, பிறகு திரும்பி வருதல். ஆனால் நாள்பட்ட நோய்க்கு அந்த மாதிரி ஒரு தொடக்கமும் முடிவும் கிடையாது. இந்த வாரம் முடியும், அடுத்த வாரம் முடியாது. முடியாத வாரத்தில் ஆடித் தோற்றாலும், ஆடாமல் விட்டாலும், கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான்: புள்ளி இல்லை.

எலெனா அந்தக் கணக்குக்குள்தான் பத்து வருடம் வாழ்ந்தார். தினமும் மாத்திரை, குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை, மருத்துவர். நோய் தெரிந்த பிறகு தரவரிசை சரிந்தது. 2005 ஆஸ்திரேலிய ஓபனில் நேரடி இடம் கிடைக்காமல், தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்து, அங்கிருந்து மூன்றாவது சுற்று வரை போனார். ஆகா, திரும்பி வந்துவிட்டார் என்று நினைக்கும்போது முதுகுத் தண்டில் டிஸ்க் பிரச்சினை. அறுவை சிகிச்சை. மறுபடி கீழே.

கீழேன்னா எந்தக் கீழே? அதையும் சொல்லிடறேன். நாம டிவியில பார்க்கிற டென்னிஸுக்கு அடியில இன்னொரு டென்னிஸ் இருக்கு. ஐ.டி.எஃப். போட்டிகள். அதன் அடிமட்டத்தில் ஒரு போட்டியின் மொத்தப் பரிசுத் தொகையே அப்போது 10,000 டாலர். பட்டம் வென்றவருக்கு மட்டுமில்லை, அத்தனை பேருக்கும் சேர்த்து. விமான டிக்கெட், தங்குமிடம், பயிற்சியாளர் செலவு எல்லாம் போக மிச்சம் எதுவும் இருக்காது, பெரும்பாலும் கைக்காசுதான் போகும். பார்வையாளர் வரிசையில் நாலு பேர் இருந்தால் அதிகம். உத்தேசமாக முதல் 100 இடங்களுக்குள் வந்தால்தான் கிராண்ட் ஸ்லாமில் நேரடி இடம், ஓரளவு வருமானம். 180-க்கும் 100-க்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கடக்கப் பல பேருக்கு ஆயுசே போதாது. அந்த மட்டத்தில் எலெனா மொத்தம் 11 ஒற்றையர் பட்டங்கள் ஜெயித்தார். அதில் எதுவும் நேரலையில் வந்திருக்காது.

இந்தக் கட்டத்தில் அவரோடு கூட நின்றவர் நீனோ செவரினோ. உடற்தகுதிப் பயிற்சியாளராக வந்து, பிறகு முழுநேரப் பயிற்சியாளர், பின்னால் வாழ்க்கைத் துணை. இந்த உடம்பு எவ்வளவு தாங்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்று நாள்தோறும் கணக்குப் போட வேண்டிய வேலை அது.

26 வயதில்

2009 செப்டம்பர். முதல் முறையாக எலெனா உலகின் முதல் 100 இடங்களுக்குள் வந்தார். வயது 26. விம்பிள்டனில் "அடுத்த நம்பிக்கை" என்று எழுதி ஏழு வருடம் ஆகிவிட்டது. எழுதியவர்கள் வேறு நம்பிக்கைகளைத் தேடிப் போய் ரொம்ப நாளாயிற்று.

அடுத்த பன்னிரண்டு மாதம்தான் அவருடைய ஆட்டத்தின் உச்சம். 2010 ஆஸ்திரேலிய ஓபனில் மறுபடி மூன்றாவது சுற்று. வழியில் கதெரினா பொந்தரெங்கோவைத் தோற்கடித்தார். அவரும் உக்ரைனில் பிறந்தவர், அந்தப் போட்டியில் தரம் பிரிக்கப்பட்ட வீராங்கனை. அந்த வருடமே பிரெஞ்ச் ஓபன் சாம்பியன் பிரான்செஸ்கா ஸ்கியாவோனேவையும் வென்றார். செப்டம்பரில் தரவரிசை 49.

ஆனால் எல்லாம் ஏறுமுகம்தான்னு நினைச்சுடாதீங்க. அதே 2010 விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே குரோஷியாவின் பெத்ரா மார்ட்டிச்சிடம், முதல் செட்டை 6-2 என்று ஜெயித்தும், மூன்று செட்டில் தோற்றார். அந்த வருடம் ஒற்றையரில் இரண்டாவது சுற்றுக்குப் போன ஒரே பிரிட்டிஷ் ஆள் ஆண்டி மர்ரே மட்டுமே. பத்திரிகைகள் வறுத்தெடுத்துவிட்டன. பணம் இவ்வளவு செலவழித்து என்ன பயன், இந்த வீரர்களுக்கு வெறி இல்லை என்றெல்லாம் எழுதினார்கள்.

வெறி இல்லையாம். இதைப் படிச்சப்போ எனக்கு அந்த டீம் லீட் ஞாபகம்தான் வந்துச்சு. பாக்க நல்லாத்தானே இருக்கீங்க?

எலெனா தன் நோயை ரகசியமாக வைக்கவில்லை, கேட்டால் சொன்னார். ஆனால் தோல்விக்குக் காரணமாக அதைக் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. தோற்றால், சர்வீஸ் சரியில்லை, நன்றாக ஆடவில்லை, அவ்வளவுதான். இதை நான் ஒரு பெரிய தியாகமா காட்ட விரும்பல. வெளியில சொல்றவங்க தைரியசாலி, சொல்லாதவங்க கோழைன்னும் இல்ல, சொல்லாதவங்க உயர்ந்தவங்கன்னும் இல்ல. அவங்களுக்கு அதுதான் வசதியா இருந்திருக்கு. தன்னை டென்னிஸை வெச்சு மட்டும் அளக்கச் சொன்னாங்க. அளந்ததும் டென்னிஸை வெச்சுத்தான்.

இடைவெளிகளோடு சேர்த்து மொத்தம் 132 வாரங்கள் பிரிட்டனின் முதல்நிலை வீராங்கனையாக இருந்தார். இரண்டரை வருடத்துக்கும் மேல். நாட்டுக்கான ஃபெட் கோப்பை அணியில் 11 வருடம். அந்த அணியில் அவரும் லண்டனைச் சேர்ந்த ஆன் கியோதவோங்கும்தான் ரொம்ப காலம் தூண் மாதிரி நின்றவர்கள். 2011 கடைசியில் அந்த அணிக்குப் புதுக் கேப்டன் வந்தார். யாருன்னு நினைக்கிறீங்க? ஜூடி மர்ரே. ஸ்காட்லாந்து மழையில் பந்து போட்டுப் பழக்கிய அதே ஜூடி. அணியில் புதிதாக வந்த லாரா ராப்சனுக்கும் ஹீதர் வாட்சனுக்கும் அப்போது எலெனா அக்கா ஸ்தானம்.

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ். டென்னிஸ் நடந்தது விம்பிள்டன் புல்தரையில். முதல் சுற்றைக் கடந்து, இரண்டாவது சுற்றில் முன்னாள் உலக முதல்நிலை வீராங்கனை ஆனா இவானோவிச்சிடம் தோற்றார். சோவியத் கீவில் பிறந்த பெண், பிரிட்டன் உடையில், சொந்த ரசிகர்கள் முன்னால். அப்பா தொடங்கிய அந்த நெடும் பயணத்துக்கு இதைவிட நல்ல இடம் எது?

இப்ஸ்விச்சில் ஒரு அகாடமி

இனி வர்றதுதான் எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம்.

பொதுவா விளையாட்டு வீரர்கள் ஓய்வு பெற்ற பிறகுதான் அகாடமி ஆரம்பிப்பாங்க. எலெனா தன் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தபோதே, நீனோவோடு சேர்ந்து இப்ஸ்விச்சில் ஒரு டென்னிஸ் அகாடமியைத் தொடங்கினார். சோவியத்திலிருந்து வந்து முதன்முதலில் இறங்கிய அதே ஊர். யாருக்காக? வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக. பிரிட்டனில் டென்னிஸ் என்றால் இன்றைக்கும் கிளப் உறுப்பினர் கட்டணம், தனிப் பயிற்சி, காரில் கொண்டுபோய் விடும் பெற்றோர் என்று ஒரு வேலி இருக்கிறது. அந்த வேலிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் கையில் ராக்கெட் கொடுப்பதுதான் திட்டம்.

நினைச்சுப் பாருங்க. அசதியே நோயா இருக்கிற ஒரு ஆள். போட்டி இல்லாத வாரம் படுத்து ஓய்வு எடுக்க எல்லா உரிமையும் இருக்கு. அந்த வாரத்தில் அவர் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தார். இதற்குத் தரவரிசையில் புள்ளி கிடையாது.

2013 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். கணுக்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, உடம்பு போதும் என்று சொல்லிவிட்டது. டிசம்பரில் நீனோவோடு திருமணம். இனி முழு நேரமும் அகாடமி என்று திட்டம்.

2014 ஜனவரியில் கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. ஓய்வு பெற்று இரண்டு மாதம், திருமணமாகிச் சில வாரம். மார்ச்சில் வெளியில் சொன்னார்கள். டென்னிஸ் உலகம் அவருக்காக ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தது. பெயர் "ராலி ஃபார் பாலி". ஜூன் மாதம் லண்டன் குயின்ஸ் கிளப்பில் ஆடுவதாக ஏற்பாடு.

மே 4-ஆம் தேதி எலெனா இறந்துபோனார். வயது 30.

நிகழ்ச்சியை ரத்து செய்யவில்லை. ஜூன் 15 அன்று ஆடினார்கள். ஆண்டி மர்ரே வந்தார், ஹீதர் வாட்சன் வந்தார், புற்றுநோயிலிருந்து மீண்டு மறுபடி ஆட வந்திருந்த ராஸ் ஹட்சின்ஸ் வந்தார். திரண்ட பணம் புற்றுநோய் மருத்துவமனைக்கும் எலெனாவின் அகாடமிக்கும் போனது.

"போராடி ஜெயித்தார்" என்று சொல்ல முடியாத கதை

இந்த மாதிரிக் கதைகளை நம்ம ஊர்ல, வாட்ஸ்அப்ல, எப்படி முடிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். "நோயை வென்ற வீரமங்கை. நம்மால் முடியாதது எதுவும் இல்லை." அப்படி முடிச்சா அது பொய். அவங்க நோயை வெல்லல. முயற்சி போதலங்கிறதால இல்ல. கல்லீரலுக்கு முயற்சி பத்தித் தெரியாது. மாத்திரை தவறாம சாப்பிட்டு, சொன்னதையெல்லாம் செஞ்சு, இருந்தும் முப்பது வயசுல போயிட்டாங்க.

எனக்கு நோய் வந்த முதல் வருஷம் ஆளாளுக்குப் பாசிட்டிவா இரு, ஃபைட் பண்ணுன்னு சொல்லிட்டே இருப்பாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா விரல் மடங்காத காலையில எனக்கு என்ன தோணும்னா, அப்போ நான் சரியா ஃபைட் பண்ணலையா? தப்பு என் மேலயா? அந்தக் குற்ற உணர்ச்சி நோயைவிடக் கொடுமை.

எலெனா கதை எனக்கு வேற ஒண்ணு சொல்லிச்சு. சரியாகட்டும், அப்புறம் வாழ ஆரம்பிக்கலாம்னு அவங்க காத்திருக்கல. சரியாகாதுன்னு 19 வயசுலயே தெரியும். கிடைச்ச வாரத்துல ஆடினாங்க. முடியாத வாரம் விட்டாங்க. 49-க்கு வந்தாங்க. பிள்ளைகளுக்கு ஒரு இடம் கட்டினாங்க. அந்த 49 எண்ணை நான் இப்போ பார்க்கும்போது, இத்தனை வாரம் இல்லாம போயும் இவ்வளவு எடுத்திருக்காங்கன்னு படுது. தரவரிசைப் பட்டியல்ல அதுக்குத் தனிப் பத்தி கிடையாது. அதனால நாமதான் சேர்த்துப் படிக்கணும்.

நான் இப்போ வேலை பார்க்கிற இடத்துல, சேர்ந்த முதல் வாரமே சொல்லிட்டேன். எனக்கு இது இருக்கு, பத்து மணிக்கு முன்னால மீட்டிங் வெச்சா என்னால டைப் பண்ண முடியாது, ஆனா வேலை முடிஞ்சிடும். "சரி"ன்னாங்க. எல்லா ஆபீஸ்லயும் இப்படிச் சொல்ல மாட்டாங்க, எனக்குத் தெரியும். அதனால போய்ச் சொல்லிடுங்கன்னு உங்களுக்கு அட்வைஸ் பண்ண மாட்டேன். உங்க பக்கத்து சீட்ல ஒருத்தர் வந்து சொன்னா, தயவுசெஞ்சு அவரை மேலயும் கீழயும் பார்க்காதீங்க. அது மட்டும் கேட்டுக்கறேன்.

கடைசியா ஒரு தகவல். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் விம்பிள்டனுக்கு முன்னால் ஒரு புல்தரைப் போட்டி நடக்கும். 2015-ல் அங்கே பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டி தொடங்கியபோது, ஒற்றையர் கோப்பைக்கு எலெனா பால்டாச்சா கோப்பை என்று பெயர் வைத்தார்கள். ஆஷ்லி பார்ட்டி அதை 2018-ல் வென்றார், அடுத்த வருடமே அவர் உலகின் முதலிடம். 2021-ல் பிரிட்டனின் ஜோஹன்னா கான்டா. 2023 இறுதிப் போட்டியில் கோர்ட்டின் இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் பெண்கள்: கேட்டி போல்ட்டர், ஜோடி பரேஜ். போல்ட்டர் ஜெயித்தார். அடுத்த வருடம் மறுபடியும் அவரே ஜெயித்தார்.

டபிள்யூ.டி.ஏ. பட்டம் ஒன்றுகூட ஜெயிக்காதவர் பெயரில் ஒரு டபிள்யூ.டி.ஏ. கோப்பை. இப்ஸ்விச் அகாடமியின் வேலையும் அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை மூலம் தொடர்கிறது. எலெனாவை நேரில் பார்த்தே இராத பிள்ளைகள் அங்கே ராக்கெட் பிடிக்கிறார்கள்.

மெயில் போட்ட நண்பரே, அந்தக் குழுவில் பெண்கள் இருந்தார்களா, என்ன ஆனார்கள் என்று கேட்டிருந்தீங்க. இதுதான் பதில். போன எபிசோட்லயே சொல்லியிருக்கணும், லேட் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. டிராஃபிக்னு சொல்ல மாட்டேன்.

உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு கதை, விளையாட்டுலயோ வேலையிலயோ, சொல்லணும்னு தோணினா எழுதுங்க. பேர் போட வேண்டாம்னா போட மாட்டோம். அடுத்த வாரம் இன்னொரு எபிசோட்ல சந்திப்போம். உடம்பைப் பாத்துக்கோங்க. வணக்கம்.